காசிமேட்டு மீனும் சிச்சுவான் காரமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சீனச் சாப்பாடு பற்றிக் கேள்வி கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்துதான், அதிலும் முக்கால்வாசி மீனைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கப்பலில் வேலை பார்த்தவன் நான். ஷாங்காயில் இறங்கியபோது ஒரு சிச்சுவான் ஓட்டலுக்குக் கூட்டிப்போனார்கள். பெரிய பாத்திரம் நிறைய எண்ணெய், மேலே முழு மிளகாய் மிதக்கிறது, உள்ளே வெள்ளை வெளேரென்று மீன். வாயில் போட்டால் காரத்தோடு நாக்கும் மரத்துப்போகிறது. ஊருக்கு வந்த பிறகு ராயபுரம், பாரிமுனை என்று எந்தக் கடையில் செஸ்வான் ஃபிஷ் கேட்டாலும் சிவப்பு மசாலாவில் புரட்டிய வறுவல்தான் வருகிறது. அந்த மீன் இங்கே எங்கே கிடைக்கும்?
— ராயபுரம் வாசகர்

பதில்: நீங்கள் சாப்பிட்டது ஷுய்ஜூ யூ. இங்கிலீஷ் மெனுவில் பாயில்டு ஃபிஷ் இன் சில்லி ஆயில் என்றோ, சிச்சுவான் பாயில்டு ஃபிஷ் என்றோ போட்டிருப்பார்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன், வடசென்னையில் முழுக்க சிச்சுவான் சமையலுக்கென்று நடக்கும் ஓட்டல் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. நம் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிற ஃபாஸ்ட் ஃபுட் கடைகளில் செஸ்வான் என்று கிடைப்பது காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி, வினிகர் போட்டு அரைத்து எண்ணெயில் சுருட்டிய விழுது. இந்தியாவில் கொல்கத்தாவிலும் மும்பையிலும் வளர்ந்த சீனச் சமையலின் பிள்ளை அது. எனக்கும் பிடிக்கும், சூடான நூடுல்ஸோடு ரொம்பவே பிடிக்கும். ஆனால் நீங்கள் தேடுகிற ருசி அதில் வராது, ஏனென்றால் அந்த ருசியைத் தருகிற 2 சாமான்கள் அந்த விழுதில் கிடையாது.

ஒன்று சிச்சுவான் மிளகு. நம் மிளகுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை, இது எலுமிச்சை குடும்பத்துச் செடி. கறிவேப்பிலையும் அதே குடும்பம்தான். நாக்கை மரக்க வைப்பது இதன் தோல். இரண்டாவது தோபான்ஜியாங். காராமணியைவிடப் பெரிதாக இருக்கும் ஒரு வகை அவரைப் பருப்பையும் மிளகாயையும் உப்போடு புளிக்க வைத்து, மாதக்கணக்கில், நல்ல சரக்கென்றால் வருடக்கணக்கில், வெயிலில் கிளறிக் கிளறிப் பழுக்க வைக்கிற விழுது. சிச்சுவான் மாகாணத்துத் தலைநகரமான செங்டுவை ஒட்டிய பீசியன் வட்டாரத்துச் சரக்குக்குத்தான் பேர். இந்த இரண்டும் இல்லாமல் எவ்வளவு மிளகாய் கொட்டினாலும் வெறும் காரம்தான் மிஞ்சும்.

அதனால் ஒருமுறை, நாக்குக்குப் பழைய ஞாபகம் வரட்டும் என்பதற்காகவாவது, தெற்கே போய் வரச் சொல்வேன். நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டலில் கோல்டன் டிராகன் இருக்கிறது, எம்.ஆர்.சி. நகர் லீலா பேலஸில் சைனா எக்ஸ்ஓ இருக்கிறது. இரண்டும் நட்சத்திர ஓட்டல்கள், பில் கனமாகத்தான் வரும், அதில் ஒளிவுமறைவு வேண்டாம். ராயபுரத்திலிருந்து கிளம்புகிறவர் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி ஆயிரம் விளக்கில் இறங்கினால் நுங்கம்பாக்கத்துக்கு ஆட்டோ போதும். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் போன் பண்ணுங்கள். மெனு மாறிக்கொண்டே இருக்கும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், இந்த மீன் மெனுவில் இல்லாவிட்டாலும் முதல் நாளே சொல்லிவைத்தால் செய்து தருகிற சமையல்காரர்கள் உண்டு. "நாளைக்கு மதியம் 4 பேர் வருகிறோம், சிச்சுவான் மிளகு போட்டு, முள் எடுத்த மீனில், எண்ணெய் மேலே ஊற்றிச் செய்வதுபோல வேண்டும், முடியுமா?" என்று கேளுங்கள். முடியும், முடியாது என்று தெளிவாகப் பதில் சொல்கிற இடத்தை நம்பலாம். "எல்லாம் பண்ணலாம் சார், வாங்க" என்று மட்டும் சொன்னால் இன்னொரு தரம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: எல்லா ஓட்டலும் மெனுவில் சிச்சுவான் என்று போடுகிறது. ஆர்டர் பண்ணிக் காசு கொடுத்த பிறகுதான் ஏமாந்தது தெரிகிறது. முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா?
— பெரம்பூர் வாசகி

பதில்: உண்டு. முதலில் மெனுவை நிதானமாகப் படியுங்கள். ஒரே பக்கத்தில் செஸ்வான் சிக்கன், செஸ்வான் பனீர், செஸ்வான் கோபி, செஸ்வான் இறால் என்று ஒரு விழுதுக்கு 10 பேர் வைத்திருந்தால் அந்தக் கடையில் சிச்சுவான் சமையல் இல்லை. உண்மையாகவே அந்தச் சமையல் தெரிந்த இடத்தில் ஒவ்வொரு மீனுக்கும் முறை வேறு வேறாக இருக்கும். ஷுய்ஜூ யூ மேலே சொன்னது. சுவான்த்சாய் யூ என்பது ஊறவைத்துப் புளிக்கவைத்த கடுகுக் கீரையோடு செய்கிற வெளிறிய, புளிப்பான குழம்பு, காரம் அதில் குறைவு. தோபான் யூ முழு மீனை வறுத்து அந்த அவரை விழுதில் இஞ்சி, பூண்டு, கொஞ்சம் சர்க்கரை, வினிகர் சேர்த்து மெதுவாகக் கொதிக்க விடுவது. காவ் யூ என்றால் மீனை முதுகுப் பக்கமாகப் பிளந்து விரித்துக் கரியில் சுட்டு, தட்டில் காரக் குழம்போடு மேஜைக்குக் கொண்டுவந்து அடுப்பின் மேலேயே வைப்பார்கள். சோங்சிங் பகுதியில் யாங்சி ஆற்றங்கரையில் இருக்கிற வான்சோ ஊர் இதற்குப் பேர்போனது. இவற்றில் குறைந்தது இரண்டு மெனுவில் இருந்தால் உள்ளே போய் உட்காரலாம்.

அப்புறம் பரிமாறுபவரிடம் 2 கேள்வி. "சிச்சுவான் மிளகு முழுசாப் போடுவீங்களா, பொடியா?" என்பது முதல் கேள்வி. அவருக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, உள்ளே மாஸ்டரைக் கேட்டு வரச் சொல்லுங்கள். நம் ஊர் சைனீஸ் அடுப்பில் நிற்கிற மாஸ்டர்களில் நிறையப் பேர் நேபாளம், டார்ஜிலிங், வடகிழக்குப் பக்கத்துக்காரர்கள். அவர்களிடம் சிச்சுவான் மிளகு என்று கேட்டால் சட்டென்று பிடிபடாது, "திமூர்" என்று சொல்லிப்பாருங்கள், முகமே மாறும். நேபாளத்தில் துவையலிலும் ஊறுகாயிலும் போடுவது அதன் நெருங்கிய சொந்தம்தான். சின்னக் கடையாக இருந்தாலும் சரி, திமூர் தெரிந்த மாஸ்டர் இருக்கிற கடையை நான் விடமாட்டேன். சாமான் கொண்டுபோய்க் கொடுத்தால் அவருக்கும் சமைக்க ஆசையாக இருக்கும்.

இரண்டாவது கேள்வி, "என்ன மீன் போடுறீங்க?" பாசா என்று பதில் வந்தால் அது முள்ளில்லாமல் உறைய வைத்து வருகிற வளர்ப்புக் கெளுத்தி. தப்பான மீன் இல்லை, சிச்சுவானிலும் கெளுத்தி சாப்பிடுவார்கள், ஆனால் நம் ஊரில் உறைந்த பாசாவைச் சரியாக உருக வைக்காமல் போட்டு, குழம்பில் தண்ணீர் விட்டு, சதை சொதசொதவென்று போய்விடுகிறது. கொடுவா இருக்கிறதா என்று கேளுங்கள். விலை கூடினாலும் கொடுவாவே சொல்லுங்கள்.

தட்டு வந்ததும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. சிச்சுவான் மிளகு சிவப்பும் பழுப்பும் கலந்து, வாய் பிளந்த ஓட்டோடு இருக்கும். உள்ளே இருக்கிற கறுப்பு விதை பல்லில் மணல் கடித்ததுபோல நறநறக்கும் என்பதால் நல்ல சரக்கில் அதை நீக்கிவிடுவார்கள். ஒரு ஓட்டை எடுத்து முன்பல்லில் கடித்துவிட்டு அரை நிமிஷம் காத்திருங்கள். முதலில் எலுமிச்சைத் தோல் வாசனை, அப்புறம் நாக்கு நுனியில் ஒரு துடிப்பு வரவேண்டும். எதுவும் வராமல் கசப்பு மட்டும் வந்தால் அது பழைய சரக்கு, அலமாரியில் ரொம்ப நாள் கிடந்தது.

கேள்வி: அந்த மரத்துப்போகிற உணர்ச்சி உடம்புக்குக் கெடுதலா? என் மகளுக்குப் பயமாக இருக்கிறது.
— புதுவண்ணாரப்பேட்டை வாசகர்

பதில்: மிளகில் இருக்கிற சான்ஷூல் என்ற வேதிப்பொருள் தொடு உணர்ச்சி நரம்புகளைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2013-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உதட்டில் மிளகைத் தடவி, அந்தத் துடிப்பை விரலில் கொடுத்த அதிர்வோடு ஒப்பிடச் சொன்னபோது, நொடிக்கு சுமார் 50 அதிர்வு என்ற கணக்கு வந்தது. அதாவது உதடு நிஜமாகவே அதிர்வதுபோல மூளைக்குத் தோன்றுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விடும். அமெரிக்காவில் 1968-லிருந்து 2005 வரை இந்த மிளகை இறக்குமதி செய்யத் தடை இருந்தது, அதைக் கேள்விப்பட்டுத்தான் சிலர் பயப்படுகிறார்கள். அந்தத் தடை எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு வருகிற சொறி நோய் இதனோடு சேர்ந்து உள்ளே வந்துவிடும் என்பதற்காக, மனிதர்களுக்கு ஆகாது என்பதற்காக இல்லை. உங்கள் மகளுக்கு வயிற்றுப் புண்ணோ அசிடிட்டியோ இருந்தால் மிளகாயும் எண்ணெயும்தான் தொந்தரவு பண்ணும். காரம் ஏறிவிட்டால் தண்ணீர் குடித்துப் பலனில்லை, பாலோ கெட்டி மோரோ குடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் ஹலால் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள். மீன்தானே என்று நம்பிப் போகலாமா?
— மண்ணடி வாசகர்

பதில்: மீன் என்பதற்காக மட்டும் நம்பிப் போகாதீர்கள், கேட்டுவிட்டுப் போங்கள். சீன முறையில் மீன் வாடை போக அரிசி மதுவில் பிசறுவது ரொம்பச் சாதாரணம், பெரிய ஓட்டல்களில் ஷாவ்சிங் என்ற அந்த மதுதான் உபயோகிப்பார்கள். அது வேண்டாம், இஞ்சியும் வெங்காயத் தாளும் கசக்கிப் பிழிந்த தண்ணீரில் பிசறுங்கள் என்று சொன்னால் எந்த நல்ல மாஸ்டருக்கும் புரியும், சீனாவிலேயே அப்படிச் செய்கிற பழக்கம் உண்டு. அடுத்தது, குழம்புக்கு ஊற்றுகிற சாறு எதன் எலும்பில் எடுத்தது என்று கேட்க வேண்டும். பன்றிக் கொழுப்பில் தாளிக்கிறார்களா என்பதையும் விடாமல் கேளுங்கள். சோங்சிங் ஹாட்பாட் என்று கொதிக்கிற சட்டியை மேஜையில் வைத்து மீன் முக்கிச் சாப்பிடுகிற இடமென்றால், அதன் அடிக்குழம்பு வழக்கமாக மாட்டுக் கொழுப்பில் செய்வது, அந்த மாடு ஹலாலா என்ற கேள்வி வரும். செங்டுவிலேயே ஹுய் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், ஹுவாங்செங் பள்ளிவாசல் அங்கே பிரசித்தம். அவர்கள் இந்தச் சமையலை மதுவும் பன்றியும் இல்லாமல் சமைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், ருசியில் ஒன்றும் குறையாது.

கேள்வி: சிச்சுவான் இறால், சிச்சுவான் நண்டு என்று விலை எக்கச்சக்கமாகப் போடுகிறார்கள். வாங்கலாமா?
— திருவொற்றியூர் வாசகர்

பதில்: சிச்சுவானுக்குக் கடலே கிடையாது. கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கிற மாகாணம் அது. பழைய சமையல் எல்லாம் ஆற்று மீனை, குளத்து மீனை வைத்துத்தான்: புல் கெண்டை, கெளுத்தி, சின்னக் கெண்டை. இறாலும் நண்டும் லாரியும் விமானமும் ஐஸும் வந்த பிறகு மெனுவில் சேர்ந்தவை. அதற்காகப் பொய்ச் சாப்பாடு என்று சொல்லமாட்டேன். சியாங்லா சியா என்ற கார இறால் இன்று அங்கே கூட்டம் அலைமோதுகிற ஐட்டம்தான். ஆனால் ஒரு ஓட்டலின் தரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இறாலைச் சொல்லாதீர்கள், மீனைச் சொல்லுங்கள். இறாலில் மசாலா தப்பை மறைத்துவிடும், மெல்லிசாகச் சீவிய மீன் துண்டில் எதையும் மறைக்க முடியாது. மீன் பழசாக இருந்தால் உதிரும், ஒரு நொடி அதிகம் வெந்தால் ரப்பராகும், முட்டையின் வெள்ளைக்கருவில் சரியாகப் பிசறாவிட்டால் சொரசொரக்கும்.

இறால்தான் வேண்டும் என்றால் தலையும் ஓடும் இருக்கிற இறாலாகக் கேளுங்கள், ஓட்டில்தான் எண்ணெய் ஏறும். உரித்து, மாவில் பொரித்து வந்தால் திருப்பி அனுப்பினாலும் தப்பில்லை. நண்டுக்கு மணலியோ எண்ணூரோ பக்கத்தில் இருப்பவர்கள் பழவேற்காட்டுச் சேற்று நண்டை உயிரோடு வாங்கி, பழக்கமான கடையில் கொடுத்துச் செய்யச் சொல்வது மேல். நட்சத்திர ஓட்டலில் அதே நண்டுக்கு நீங்கள் கொடுக்கிற காசில் வீடே சாப்பிடலாம்.

கேள்வி: ஆன்லைனில் ஆர்டர் பண்ணி வீட்டிலேயே சாப்பிடலாமா?
— கொருக்குப்பேட்டை வாசகி

பதில்: ஷுய்ஜூ யூ வேண்டவே வேண்டாம். வண்டியில் வந்து சேர்வதற்குள் எண்ணெய் ஆறி மீன் அந்தச் சூட்டிலேயே மறுபடி வெந்து கெட்டுவிடும். மிளகாயோடு வறட்டி எடுத்த டிரை பாட் இறால், கணவாய் போன்றவை ஓரளவு தாங்கும்.

கேள்வி: வீட்டில் நானே செய்து பார்க்க ஆசை. மீனுக்குப் பஞ்சமில்லை, காசிமேடு பக்கத்தில்தான். எந்த மீன் வாங்க, சாமான் எங்கே வாங்க, எப்படிச் செய்ய?
— தண்டையார்பேட்டை வாசகி

பதில்: இந்தக் கடிதம் வந்ததில்தான் எனக்கு ரொம்ப சந்தோஷம். வடசென்னையில் இருப்பவருக்கு என்னுடைய உண்மையான பதில் இதுதான்: ஓட்டலுக்கு ஒருமுறை போங்கள், ருசியைத் தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் வீட்டில் செய்யுங்கள். விடியற்காலையில் ஏலம் போன மீனை அன்றைக்கு மதியமே சமைக்கிற வசதி நகரத்துப் பெரிய ஓட்டல்களுக்கே எப்போதும் வாய்ப்பதில்லை.

மீன் கொடுவாதான் முதல் தேர்வு. சதை வெள்ளை, கெட்டி, பொடி முள் தொல்லை குறைவு. கிடைக்காவிட்டால் பெரிய சங்கரா. வஞ்சிரத்தை இதற்கு வீணாக்காதீர்கள், மெல்லிசாகச் சீவிக் கொதிக்கிற குழம்பில் போட்டால் வறண்டுபோகும், அதன் இடம் தோசைக்கல்தான். முழு மீனாகத் தோபான் யூ செய்வதென்றால் வவ்வால் அருமையாக வரும். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் நிற்க இடமிருக்காது, வார நாளில் போனால் பேரம் பேசவும் வெட்டி வாங்கவும் நிதானம் கிடைக்கும். செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அமுக்கினால் சதை திரும்பி எழுகிறதா என்று பார்ப்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டுகிறவரிடம் மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கை பழக்கத்தில் குழம்புத் துண்டு போட்டுவிடும். "தோல் எடுத்து, நடு முள்ளை எடுத்துட்டு, ரெண்டு பக்கச் சதையையும் முழுசாக் கொடுங்க, தலையும் முள்ளும் தனியா" என்று சொல்லுங்கள். தலையையும் முள்ளையும் விட்டுவிட்டு வராதீர்கள், சாறு அதிலிருந்துதான்.

சாமான்களில் தோபான்ஜியாங்கும் சிச்சுவான் மிளகும் ஆன்லைனிலும், வெளிநாட்டுச் சரக்கு வைக்கிற பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் கிடைக்கின்றன. லீ கும் கீ கம்பெனியின் தோபான்ஜியாங் ஓரளவு சுலபமாக அகப்படும், பீசியன் என்று போட்ட சரக்கு கிடைத்தால் அதை வாங்குங்கள். லாவ் கன் மா என்று ஒரு பாட்டில் நிறையப் பேர் வீட்டில் இருக்கிறது. நல்ல மிளகாய் எண்ணெய்தான், ஆனால் அது பக்கத்து மாகாணமான குய்சோவுடையது, தோபான்ஜியாங்குக்குப் பதிலாக அதைப் போட முடியாது. சிச்சுவான் மிளகு கிடைக்காவிட்டால் திமூர் வாங்கலாம். கொங்கணக் கரையில் அயிலை மீன் குழம்பில் போடுகிற திரிபல் என்ற காயும் இதே இனம், மங்களூர், கோவாக்காரர்களைக் கேட்டால் தெரியும். வாசனை கொஞ்சம் வேறு, மரக்கிற குணம் உண்டு. காய்ந்த மிளகாய்க்கு கோவிந்தப்ப நாயக்கன் தெரு இருக்கவே இருக்கிறது. குண்டு மிளகாய் வேண்டாம். பாதி பேடகி, பாதி நீட்டு மிளகாய் என்று வாங்குங்கள், நிறத்துக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று.

இனி அரை கிலோ சதைக்குக் கணக்கு. கத்தியைச் சாய்த்துப் பிடித்து, ஒரு ரூபாய் நாணயத்தைப்போல இரண்டு மடங்கு கனத்தில் அகலமாகச் சீவுங்கள். உப்புப் போட்டுப் பிசறி, தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும். இந்த வேலையைத் தாண்டிப் போகிறவர்கள்தான் மீன் வாடை அடிக்கிறது என்கிறார்கள். பிறகு உப்பு, வெள்ளை மிளகுத்தூள், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, 2 மேஜைக்கரண்டி சோள மாவு (கார்ன்ஃபிளவர்) போட்டு, கையால் ஒரே பக்கமாகச் சுற்றிப் பிசையுங்கள். முதலில் கொழகொழவென்று வழுக்கும், கொஞ்ச நேரத்தில் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரலைப் பிடிக்க ஆரம்பிக்கும், அப்போது நிறுத்துங்கள். மூடி ஓரமாக வைத்துவிட்டு, தலையையும் முள்ளையும் லேசாக வதக்கி, முக்கால் லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் சாறு தயார்.

முளைகட்டிய பாசிப்பயறும் முட்டைக்கோஸும் ஒரு கொதி காட்டி, கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் அடியில் பரப்புங்கள். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடான எண்ணெய் விழுந்தால் வெடித்துவிடும். வாணலியில் கடலை எண்ணெய் 3 கரண்டி விட்டு, சின்னத் தீயில் 3 மேஜைக்கரண்டி தோபான்ஜியாங்கைப் போடுங்கள். எண்ணெய் சிவந்து மேலே பிரிந்து வருகிறவரை பொறுமை வேண்டும். தீயைக் கூட்டினால் விழுது கருகிக் கசந்துவிடும். இஞ்சி, பூண்டு வதக்கி, சாற்றை ஊற்றிக் கொதித்ததும் மீனை ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் போடுங்கள், உடனே கரண்டியை விட்டுக் கிளறாதீர்கள். மீன் வெளுத்ததும், ஒரு நிமிஷம்கூட ஆகாது, குழம்போடு அப்படியே பாத்திரத்தில் சாய்த்துவிடுங்கள். மேலே கிள்ளி விதை உதிர்த்த மிளகாய் ஒரு கைப்பிடி, சிச்சுவான் மிளகு ஒரு மேஜைக்கரண்டி, நறுக்கிய பூண்டு. 100 மில்லி எண்ணெயை நன்றாகக் காயவைத்து அதன் தலையில் ஊற்ற வேண்டும். ஊற்றுகிற நேரத்தில் சுர்ரென்ற சத்தத்தோடு மிளகாய் எல்லாம் ஒரு தரம் உப்பிப் படிந்து, நிறம் ஒரு படி கறுக்கும், அந்த நெடி மூக்கில் ஏறினால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகளை அந்த நேரம் அடுப்பங்கரைப் பக்கம் விடாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சாப்பிடும்போது எண்ணெயை யாரும் குடிப்பதில்லை, மிளகாயையும் தின்பதில்லை. மீனை மட்டும் எடுத்து, பாத்திரத்தின் ஓரத்தில் எண்ணெயை வழியவிட்டு, வெறும் சோற்றோடு சாப்பிட வேண்டும். இதோடு வறுத்த நூடுல்ஸ் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். வெள்ளைச் சோறுதான் இதற்குச் சரி.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வது? எல்லாம் ஐஸ் மீன்தானே?
— எண்ணூர் வாசகர்

பதில்: ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஃபைபர் படகு, கட்டுமரத்தில் வருகிற கொஞ்ச மீனும் யானை விலை. ஆனால் இந்தச் சமையலுக்கு அதுதான் சரியான பருவம் என்பேன். சிச்சுவான்காரர்கள் சமைப்பதே ஏரி, ஆற்று மீன் என்று மேலே சொன்னேன் இல்லையா? உயிரோடு தொட்டியில் விற்கிற விரால் வாங்குங்கள், சதை கெட்டியாக இருக்கும், மெல்லிசாகச் சீவ வரும். புல் கெண்டை கிடைத்தால் இன்னும் விசேஷம். செங்டுவிலும் சோங்சிங்கிலும் ஷுய்ஜூ யூவுக்குப் போடுகிற அதே மீன், 1959-ல் ஹாங்காங்கிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்து பண்ணைகளில் வளர்க்க ஆரம்பித்தார்கள். ரோகுவும் கட்லாவும் ருசிக்குச் சரிதான், ஆனால் சதைக்குள் பொடி முள் உண்டு, பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது பார்த்துக் கொடுங்கள். ஏரி மீனில் சேற்று வாடை வந்தால் சுவான்த்சாய் யூவாகச் செய்யுங்கள், கடுகுக் கீரை ஊறுகாயின் புளிப்பு அதை எடுத்துவிடும். தடைக்காலத்தில் ஓட்டலில் கடல் மீன் ஃப்ரெஷ் என்று சொன்னால் எங்கிருந்து வந்தது என்று கண்டிப்பாகக் கேளுங்கள். மேற்குக் கரையில் தடை வேறு தேதியில் என்பதால் அங்கிருந்து வரவும் வாய்ப்பு உண்டு, அது பொய்யென்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

கேள்வி: எங்கள் பகுதி அத்தோ கடைகளில் இந்த மாதிரி ஐட்டம் எதிர்பார்க்கலாமா?
— வியாசர்பாடி வாசகர்

பதில்: முடியாது, அத்தோ பர்மாவிலிருந்து திரும்பிவந்த நம் மக்கள் கொண்டுவந்த சாப்பாடு, சமையலே வேறு. அந்தக் கடையில் அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் சாப்பிடுங்கள், அதில் அவர்களை அடிக்க ஆளில்லை.

கேள்வி: நான் மீன் பிரியன், மனைவி சைவம். சிச்சுவான் ஓட்டலுக்குச் சேர்ந்து போனால் அவருக்கு ஏதாவது கிடைக்குமா?
— மாதவரம் வாசகர்

பதில்: தாராளமாகக் கிடைக்கும். ஃபிஷ் ஃப்ராக்ரன்ட் எக்பிளான்ட் என்று மெனுவில் இருந்தால் பயப்படாதீர்கள், அதில் மீனே கிடையாது. மீனுக்குப் போடுகிற ஊறிய மிளகாய், இஞ்சி, பூண்டு, வினிகர், சர்க்கரைக் கலவையைக் கத்தரிக்காய்க்குப் போட்டிருப்பார்கள், கொத்துக்கறி சேர்க்கிற இடமும் உண்டு என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். மாப்போ தோஃபு இன்னும் நல்லது, ஆனால் வழக்கமாக அதில் மாட்டுக்கறியோ பன்றிக்கறியோ கொத்திப் போடுவார்கள். அதனால் கறி வேண்டாம், சிக்கன் சாறு வேண்டாம், ஆய்ஸ்டர் சாஸ் வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். வெஜ் என்று ஒரே வார்த்தையில் சொன்னால் கறியை மட்டும் எடுத்துவிட்டு சாறையும் சாஸையும் அப்படியே ஊற்றிவிடுவார்கள். வாணலியைக் கழுவிவிட்டுச் செய்யச் சொல்லவும் மறக்காதீர்கள்.